ஓதி முடித்த பிள்ளை இனி என்ன செய்வான்?

திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்த பிள்ளையின் வீட்டுக்கு வருகின்றவர்கள் முதலில் மனமார வாழ்த்துவார்கள். பிள்ளையின் தலையைத் தடவி துஆச் செய்வார்கள். தேநீர் அருந்தி முடித்துப் புறப்படும் வேளையில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "எல்லாம் சரி, பையன் இனி என்ன செய்யப் போகிறான்?" வாழ்த்தியவர்கள் போய்விடுவார்கள். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும்.

பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையைக் குறித்து இக்கேள்வி இவ்வளவு விரைவில் எழுவதில்லை. பத்தாம் வகுப்பு, அதற்குப்பின் பிரிவு, அதன்பின் கல்லூரி என்று அவனுக்கு முன்னே ஒரு பாதை போடப்பட்டிருக்கிறது. அப்பாதை சரியானதா, தவறானதா என்பது வேறு விஷயம். பாதை என்று ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து ஓதியும் படித்தும் வளர்கின்ற பிள்ளைக்கு அப்படி யாரும் போட்டுவைத்த பாதை கிடையாது. பெற்றோர்தாம் அவனுடன் நடந்து பார்த்துப் பாதை காண வேண்டும். ஹிஃப்ழுக்காகப் பள்ளியை விட்ட சிறுவர்களும், பல்வேறு காரணங்களால் எட்டாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்ட சிறுமிகளும் நம் சமுதாயத்தில் ஏராளமாக இருப்பதால், எங்கள் வீட்டு அனுபவத்தைச் சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையதாக இருக்கும் என்று கருதுகிறேன்.

ஊரும் வீடும்

எங்கள் ஊர் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்கள் வாசலில் கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கடல் வணிகத்தால் செழித்திருந்த துறைமுகம் இது. இன்று கோட்டை இடிந்து கிடக்கிறது; கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. ஊரின் பிழைப்பு பெரும்பாலும் மீன், இறால், நண்டு ஆகிய மூன்றை நம்பியே நடக்கிறது.

என் கணவர் நண்டு வியாபாரி. நீரின் அக்கரையிலுள்ள பசியாவரம் போன்ற மீனவ ஊர்களில் நண்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புவது அவர் தொழில். என் மாமனார் நெடுங்காலம் மக்தபில் ஓதிக் கொடுத்த ஹஜ்ரத். என் மகன் ஒன்பது வயதில் அவரிடம் ஹிஃப்ழ் தொடங்கி, அல்லாஹ்வின் அருளால் பதின்மூன்றாம் வயதில் நிறைவு செய்தான். அவனுக்கு இரண்டு வயது மூத்தவளான மகள் எட்டாம் வகுப்புக்குப்பின் வீட்டிலேயே தங்கிப் பாட்டனாரிடம் ஓதினாள். தமிழ், கணக்கு, அறிவியல் ஆகிய பாடங்களை நான் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

வீட்டுக் கல்வி நம்மவர்க்குப் புதியதன்று. அச்சுப் புத்தகமும் பள்ளிக்கூடமும் பரவாத காலத்திலேயே நம் பெண்கள் அரபுத்தமிழில் மார்க்கச் சட்டங்களையும் வரலாறுகளையும் வீட்டிலிருந்தே கற்றார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் எத்தனையோ இல்லங்களில் பாடநூல்களாக விளங்கின. ஆனால் அந்நாளில் தொழில் என்பது தகப்பனிடமிருந்து மகனுக்குத் தானாக வந்து சேர்ந்தது. வீட்டில் கற்ற பிள்ளை வெளியே சென்று தொழில் தேட வேண்டிய நிலை இக்காலத்துக்கு உரியது. அதற்கான முன்மாதிரி நம் பெரியவர்களிடம் இல்லாததில் வியப்பில்லை.

மூன்று வழிகள்

மகனுக்குப் பதினைந்து வயது ஆனபோது வீட்டில் மூன்று கருத்துகள் நிலவின.

மாமனார் அவனை ஒரு மதரஸாவில் சேர்த்து ஆலிமாக்க விரும்பினார்கள். கணவருக்கு வளைகுடா. ஷார்ஜாவில் இருக்கும் அவருடைய இளைய சகோதரர், "பதினெட்டு முடியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருந்தார். மகன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னான்: "வாப்பாவுடன் ஏரிக்குப் போகிறேன்."

மாமனார் அன்று கடுமையாகப் பேசவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட ஒரு கேள்வி எங்கள் எல்லோரையும் வாயடைக்கச் செய்தது: "குர்ஆனைச் சுமந்த நெஞ்சு நண்டுக் கூடையைச் சுமக்கவா?"

அவர்களுடைய அச்சம் பொய்யானதன்று. ஓதியதை அன்றாடம் திருப்பிப் பாராத ஹாஃபிழ் சில ஆண்டுகளில் மறந்துவிடுவதை நாம் காண்கிறோம். நான்காண்டு உழைப்பு உப்புநீரில் கரைந்துவிடுமோ என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். கணவரின் கவலையும் நியாயமானதே. ஆரணியாறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரத்தின் வழியே ஏறும் கடல்நீர் ஆகிய இரண்டும் கலப்பதில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏறி வராது. அத்தகைய ஆண்டுகளில் கூடைகள் காலியாக வருவதை அவர் கண்டவர். தாம் பட்ட பாட்டை மகன் படவேண்டாம் என்று எண்ணினார்.

மகன் சொன்னதிலும் ஒரு குறை இருந்தது. அவனுக்குத் தெரிந்த தொழில்கள் அவ்வளவுதாம். ஓதிக் கொடுக்கும் பாட்டனார், நண்டு வாங்கும் தகப்பனார், பணம் அனுப்பும் சிற்றப்பா ஆகிய மூவரையும் தவிர வேறு தொழில் செய்யும் மனிதரை அவன் அருகிலிருந்து பார்த்ததே இல்லை. பார்த்திராத ஒன்றை எவ்வாறு விரும்புவான், எவ்வாறு வெறுப்பான்? தேர்ந்தெடு என்று சொல்வதற்கு முன் தேர்ந்தெடுக்கப் பல பொருள்கள் அவன் முன்னே இருக்க வேண்டுமல்லவா? ஆகவே, ஓராண்டு காலத்துக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை என்றும், அவ்வாண்டில் பிள்ளைகள் இருவருக்கும் இயன்றவரை பல தொழில்களை நேரில் காட்டுவது என்றும் வீட்டில் மஷூரா செய்து தீர்மானித்தோம். மாமனார் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: நாள் ஒன்றுக்கு ஒரு ஜுஸ்உ திருப்பி ஓதிய பிறகே வெளியே கால் வைக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகமும் நான்கு கேள்விகளும்

இதற்கு எங்களுக்குப் பணம் செலவாகவில்லை. உறவினர்களும் பழக்கமானவர்களும் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதினோம். படகு இயந்திரம் பழுதுபார்ப்பவர், ஃபைபர் படகு செய்பவர், தையற்காரர், மருந்துக்கடைக்காரர், மின்சாரப் பணியாளர், ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர், துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவர் என்று பட்டியல் வளர்ந்தது. நம்மைச் சுற்றி இத்தனை தொழில்கள் இருப்பதை எழுதிப் பார்க்கும்வரை நாம் உணர்வதில்லை. ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுப் பிள்ளையை இரண்டு மூன்று நாட்கள் உடன் இருக்கச் செய்தோம். வேடிக்கை பார்க்க அனுப்பவில்லை. சொன்ன எடுபிடி வேலையைச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒவ்வோர் இடத்திலும் நான்கு கேள்விகள் கேட்டு, விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். இவ்வேலையில் மிகவும் கடினமான நேரம் எது? வருமானம் இல்லாத மாதத்தில் வீடு எப்படி நடக்கிறது? இதைக் கற்றுக்கொள்ள எத்தனை காலம் ஆயிற்று, யாரிடம் கற்றீர்கள்? உங்கள் பிள்ளைக்கு இத்தொழிலைக் கொடுப்பீர்களா?

நான்காவது கேள்விதான் மனிதர்களைப் பேச வைத்தது. தையற்காரர் சிரித்துக்கொண்டே கொடுப்பேன் என்றார். இயந்திரம் பழுதுபார்ப்பவர், "கையில் வேலை இருந்தால் எந்த ஊரிலும் சோறு உண்டு, கொடுப்பேன்" என்று சொன்னார். துறைமுகத்தில் வேலை செய்பவர் நெடுநேரம் யோசித்து, "சம்பளம் நல்லது. இரவு வேலைதான் உடம்பை உருக்குகிறது. அவன் விருப்பம்" என்றார். அவரது தயக்கத்திலிருந்து என் மகன் கற்றுக்கொண்டதை நான் பாடமாகச் சொல்லியிருக்க முடியாது.

பசியாவரத்தில் கற்றது

பசியாவரத்துக்கு அவன் தகப்பனாருடன் பலமுறை போனவன்தான். ஆனால் வாங்குபவரின் மகனாகப் போவது ஒன்று. வலை இழுப்பவருக்குக் கூலியாளாகப் போவது வேறு. என் கணவருக்கு நீண்டநாள் பழக்கமான ஒரு முதிய மீனவர் அவனைத் தம் படகில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். நள்ளிரவு கடந்து கிளம்பி, விடியலில் வலையிலிருந்து நண்டைக் கடிபடாமல் பிரித்து, காலை வெயில் ஏறுமுன் கரை சேர வேண்டும். பஜ்ருத் தொழுகையைப் படகிலேயே தொழுததை அவன் வந்து சொன்னபோது மாமனார் ஒன்றும் பேசவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது என்பதை அவன் அங்கேதான் அறிந்தான். இவ்வேரியில் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலையிடுவது என்று மரபுரிமை உடைய மீனவ ஊரார் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவரே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி காக்கும் நல்ல ஏற்பாடு அது. எனினும் அவ்வுரிமை பிறப்பால் வருவது. எங்கள் மகன் போன்ற வெளியார்க்கு அதில் இடமில்லை. எந்தத் தொழிலுக்கும் ஒரு வாசல் உண்டு, அதற்கு ஒரு காவலும் உண்டு என்பதைப் பிள்ளை பதினைந்து வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

வலை வீசக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் என்று அவன் கேட்டதற்கு அந்த முதியவர் சொன்னாராம்: "வலை ஒரு மாசத்துல வந்துடும் தம்பி. தண்ணியப் படிக்கத்தான் பத்து வருஷம் ஆவும்." நான்காவது கேள்விக்கு அவர் அளித்த விடை: "நானா எம் புள்ளைக்குக் குடுக்க மாட்டேன். அவனா வந்து கேட்டா இல்லேன்னும் சொல்ல மாட்டேன்."

சில வாரங்கள் சென்றன. அவனுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய நான், நாங்கள் கேட்கச் சொல்லாத ஒன்று அதில் இருக்கக் கண்டேன். ஒவ்வொரு நாளும் கூடையில் எத்தனை நண்டுகள் ஏற்றப்பட்டன, சென்னை சேருமுன் எத்தனை செத்தன, அன்று கூடைமேல் ஈரச்சாக்கு போர்த்தப்பட்டிருந்ததா, எத்தனை மணிக்கு வண்டி புறப்பட்டது என்றெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தான். செத்த நண்டுக்கு விலையில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அது ஏன் சாகிறது என்று எண்ணிப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். ஓடு கழற்றிய புதிதில் நண்டின் உள்ளே சதை குறைந்து நீரே மிகுந்திருக்கும். அதற்கு விலை மிகக் குறைவு. அத்தகைய நண்டை மூன்று நான்கு வாரம் அடைப்பில் விட்டுத் தீனி கொடுத்தால் ஓடு இறுகிச் சதை பிடித்து நல்ல விலைக்குப் போகும் என்பதைக் கேள்விப்பட்டு, அதற்கு என்ன செலவாகும் என்றும் ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தான்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. அவன் ஏரிக்குப் போகிறேன் என்றது வலை வீசுவதற்காக அன்று. உயிருள்ள பொருளை வளர்ப்பதிலும் காப்பதிலும் அவன் மனம் தங்கியிருக்கிறது. அதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லாததால் 'ஏரி' என்று சொல்லியிருக்கிறான். பெற்றோர்களே, பிள்ளை சொல்லும் தொழிலின் பெயரை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். யாரும் ஏவாமல் அவன் எதை எண்ணுகிறான், எதைக் குறித்து வைக்கிறான், எதற்காகத் தூக்கத்தை விடுகிறான் என்று கவனியுங்கள்.

மகளின் நோட்டுப் புத்தகம்

மகளுக்கும் இதே நான்கு கேள்விகள்தாம். அவள் செல்லும் இடமெல்லாம் நானும் சென்றேன். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைப் பின்னல் பேர்பெற்றது. என் மாமியாரின் கைகள் பேசிக்கொண்டே பெட்டி முடையும். மகளும் நன்றாகப் பின்னுவாள். எல்லோரும் அதுவே அவள் தொழில் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவளோ, "இது என் கைக்குத் தெரியும் உம்மா. ஆனால் நாள் முழுதும் இதையே செய்ய மனம் வரவில்லை" என்றாள்.

மாமியாருக்கு நீரிழிவு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதந்தோறும் அழைத்துச் செல்வது அவள் பொறுப்பு. அங்குள்ள செவிலியரிடம் தன் நான்கு கேள்விகளையும் கேட்டிருக்கிறாள். மாமியாரின் சர்க்கரை அளவை மாதவாரியாக எழுதி, எந்தப் பண்டிகைக்குப்பின் ஏறியது, எந்த மருந்துக்குப்பின் இறங்கியது என்று குறித்து வைத்திருக்கிறாள். மருத்துவர் ஒருநாள் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் இருந்தபடி கற்ற பெண்ணால் என்ன ஆகும் என்போர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அவர்களை நினைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் படித்த அவர், வீட்டிலிருந்தே வாசித்து, 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதைத் தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் பாராட்டினார். பள்ளிக்கூடம் நின்றுபோன இடத்தில் கல்வி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு நம் சமுதாயத்திலேயே கிடைக்கும் சான்று இது. ஆனால் எழுதுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. செவிலியர் பணிக்குத் தேவை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும்.

வாசலைத் திறந்து வைப்போம்

வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெரும் இடர் இதுவே. அறிவு இருக்கும், கையில் தாள் இருக்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை பள்ளிக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியுள்ளது. வீட்டுக் கல்விக்கென்று தனி விதி எதனையும் அது வகுக்கவில்லை. ஆகவே தேர்வு எழுதும் வழியை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989இல் தொடங்கப்பெற்றது. பதினான்கு வயது நிறைந்த பிள்ளை அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறுகிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஐந்தாண்டு காலத்துக்குள் ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளலாம். ஹிஃப்ழ் செய்யும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. நம் மாநிலத் தேர்வுத்துறையின் வழியே தனித்தேர்வராக எழுதும் முறையும் இருக்கிறது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும், பிள்ளை பின்னர் சேர விரும்பும் கல்லூரியோ வேலையோ அச்சான்றிதழை ஏற்கிறதா என்பதை அவ்விடத்திலேயே எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தவுடன், கடினம் என்று கருதிக் கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இந்த இரண்டையும் விட்டால் பல வாசல்கள் ஓசையின்றி மூடிக்கொள்ளும். உதாரணமாக, மத்திய அரசு 1963இல் கொச்சியில் தொடங்கிய மீன்பிடித் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மீன்பிடிக் கப்பல் செலுத்துவதற்கும் கப்பல் இயந்திரம் பராமரிப்பதற்கும் அங்கே இரண்டாண்டுப் பயிற்சி தருகிறார்கள். அதில் சேரப் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் வேண்டும். எங்களுக்கு அண்மையிலுள்ள பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. அதன் பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் தேவை. சென்னையில் 1987 முதல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. நண்டு ஏன் சாகிறது என்று ஒரு சிறுவன் நோட்டுப் புத்தகத்தில் கேட்ட கேள்வியை, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராயும் அறிஞர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதை அவன் அறிந்தபோது அடைந்த வியப்புக்கு அளவில்லை.

வானம் பார்த்த பிள்ளை

எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, ஆந்திர எல்லையில் ஸ்ரீஹரிகோட்டா தீவு இருக்கிறது. ராக்கெட் ஏறும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலேயே சிறுவர்கள் கூடிவிடுவார்கள். அங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ஏவப்பட்டது வெற்றி பெற்றது. இரண்டுக்கும் பொறுப்பேற்றிருந்தவர் இராமேசுவரத்துப் படகுக்காரர் ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் கலாம் என்பது எல்லோரும் அறிந்ததே.

அவருடைய வரலாற்றில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. பறவை எவ்வாறு பறக்கிறது என்பதை வகுப்பறையில் சொல்லிப் புரியவைக்க முடியாதபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். பறத்தல் அவர் மனத்தில் இடம்பிடித்தது அங்கேதான். மேற்படிப்புக்குப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார். விமானியாக விரும்பி டேராடூன் சென்றபோது எட்டுப்பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கலாம் ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். விரும்பிய வாசல் மூடிய பிறகே வேறொரு வாசல் வழியே அவர் உயர்ந்தார். அவர் படித்திருந்த படிப்பு அந்த வேறு வாசலுக்கும் உதவியதால்தான் அது இயன்றது. பிள்ளை முதலில் விரும்பும் ஒன்றுக்கு மட்டும் பயன்படுவதாக நம் ஏற்பாடு இருந்துவிடக் கூடாது.

நபிமார்களின் தொழில்

மாமனாரிடம் நான் வாதிடவில்லை. நான் சொல்லி அவர்கள் அறிய வேண்டியது எதுவும் இல்லை. ஒருநாள் மாலையில் பேரனுக்கு அவர்களே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூஹ் நபி (அலை) கப்பல் கட்டினார்கள். தாவூத் நபி (அலை) இரும்பால் கவசம் செய்து தம் கை உழைப்பில் உண்டார்கள். ஜகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு மேய்த்தார்கள், வணிகம் செய்தார்கள். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) துணி வணிகத்தை விடாமலே மாபெரும் சட்ட மேதையாக விளங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர்கள், சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "கூடையைச் சும. ஆனால் அளவில் மோசம் செய்யாதே. செத்ததை உயிருள்ளதோடு கலக்காதே. ஒரு ஜுஸ்உவை ஒருநாளும் விடாதே" என்றார்கள். சமையலறையில் இருந்த எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன.

அதன்பிறகுதான் அனைவரும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டோம். மஷூராவில் பிள்ளைக்கும் ஒரு வாய் உண்டு. அவனுடைய வாழ்க்கையைப் பற்றி அவன் இல்லாமல் முடிவு செய்வது முறையாகாது. பிறகு இஸ்திகாரா தொழுதோம். சிலர் இஸ்திகாராவை முதலில் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருப்பார்கள். விசாரிக்க வேண்டியதை விசாரித்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, மனம் ஒன்றின்பால் சாய்ந்த பிறகு நலத்தை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே அதன் கருத்து என்று மாமனார் விளக்கினார்கள்.

இப்போது மகன் கணிதம், அறிவியல் உட்பட ஐந்து பாடங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறான். வாரத்தில் இரண்டு நாட்கள் பசியாவரம் போகிறான். சென்ற ரமளானில் சிறிய பள்ளிவாசல் ஒன்றில் தராவீஹ் தொழுகையில் ஓதினான். மாமனார் முதல் வரிசையில் நின்றார்கள். மீன்வளக் கல்லூரியா, கப்பற்பயிற்சியா, ஆலிம் படிப்பா என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. தேர்வு முடியட்டும், பிறகு பேசலாம் என்று கணவர் ஷார்ஜாவுக்குச் சொல்லிவிட்டார். மகள் உயிரியலை எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புவரை எழுதுவது என்று உறுதியாகியிருக்கிறது. செவிலியர் படிப்புக்கு வெளியூர் விடுதியில் தங்க வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நானும் விடுவதாக இல்லை.

ஓராண்டு காத்திருந்ததால் எங்களுக்கு இழப்பு எதுவும் ஏற்படவில்லை. பிள்ளைகள் இருவரையும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அதுவே பெரிய வரவு. உங்கள் வீட்டிலும் ஓதி முடித்த மகனோ, பள்ளி நின்ற மகளோ இருப்பின், அடுத்த வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு தாளை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த நல்ல தொழிலாளர்கள் பத்துப் பேரின் பெயர்களை எழுதுங்கள். அவர்களிடம் பிள்ளையை அனுப்பிக் கேட்கச் செய்யுங்கள். தேர்வுக்கான பதிவையும் தள்ளிப்போடாதீர்கள்.

நம் மக்கள் ஹலாலான தொழிலைக் கண்டடையவும், அதில் நேர்மையாளர்களாக விளங்கவும், ஓதியதை மறவாதிருக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.